கால் அங்குலம்

குழுக்கடன் ஐம்பதாயிரம் கைக்கு வந்த அன்று
தெற்குவாடியில் ஒரு படகும் இறங்கவில்லை.
கச்சான் காற்று. தகரக் கூரையில் மணல் விழுந்துகொண்டிருந்தது.
நானும் பிரகாசியும் தரையில்
இரண்டு விலைப்பட்டியலை விரித்தோம்.
பறக்காமலிருக்க
ஒன்றின்மேல் கத்தரிக்கோல்,
இன்னொன்றின்மேல் டீ கிளாஸ்.

ஒன்று, மென்பொருள்.
துணியே இல்லாமல் போர்வை தைத்துக் காட்டும்.
ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சளா?
பிடிக்கவில்லையா, தட்டு, பச்சை.
எத்தனை முக்கோணம், எத்தனை மீட்டர்,
மிச்சம் எவ்வளவு விழும் என்பதுவரை சொல்லுமாம்.

மற்றது, வெட்டும் இயந்திரம்.
எட்டு மடிப்புத் துணியை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால்
அந்தப் பக்கம் எட்டு முக்கோணம்,
எட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை.
மதுரையிலிருந்து வந்த பையன் ஓட்டிக் காட்டும்போது
கரண்ட் போனது.
"கையாலயும் சுத்தலாம்க்கா" என்றான்,
அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கடைசியாகச் சொன்னான்.

ஏன் இந்தப் பேச்சு என்றால்,
குந்துகால் விடுதிக்குப் பன்னிரண்டு தைத்தோம்.
மூன்று திரும்பி வந்தது.
நட்சத்திரத்தின் நடு சேரவில்லை,
முனைகள் மடிப்புக்குள் மூழ்கியிருந்தன.
விடுதிக்காரர் விரல் வைத்துக் காட்டியபோது
இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

நான் இயந்திரம் என்றேன்.
அவள் மென்பொருள் என்றாள்.

"உப்புக்காத்துல பிளேடு ஆறு மாசம் தாங்குமா?"
"அது வருசா வருசம் பணம் கேக்குமாமே,
அப்படிக் கேக்குறவுக நம்ம வீட்ல பத்தாதா?"
மூன்று நாள் இப்படியே.
நான்காம் நாள், கையில் சாக்குக்கட்டியோடு,
வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டேன்.

வரைபவள் நான்.
வெட்டுபவள் அவள்.
நான் கேட்டது அவள் வேலைக்கு ஓர் ஆள்.
அவள் கேட்டது என் வேலைக்கு.

அவளும் கண்டுகொண்டாள் போல.
பட்டியலை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள்,
இனி மடியாது என்றபின்னும் அழுத்தினாள்.
"என் வெட்டு அவ்வளவு மோசமா மைமூன்?"
என் கோடு மட்டும்? என்று கேட்கவில்லை நான்.
பாலத்தில் ரயில் ஏறியது.
அது மண்டபம் போய்ச் சேரும்வரை
கேட்பதுபோல உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவள்தான் எழுந்து
திரும்பி வந்த ஒன்றை மடியில் போட்டு
நட்சத்திரத்தைப் பிரித்தாள்.
ஸ்கேல் வைத்தோம்.
கோடு சரி.
வெட்டு சரி.
தையல், கால் அங்குலம் உள்ளே போக வேண்டியது,
ஒரு நூல் கூடப் போயிருந்தது.
ஒரு நூல்தான். எட்டு மடிப்பில் எட்டு நூல்.
அந்த மெஷினில் நாங்கள் மாறி மாறி உட்கார்ந்தவர்கள்.
எந்த நட்சத்திரம் யாருடையது என்று
துணியைப் பார்த்தால் தெரியவில்லை,
மனசைப் பார்க்க நாங்கள் முயலவில்லை.

அளவு தப்பாத தையல் பாதம் ஒன்று
ராமநாதபுரத்தில் கிடைத்தது, நூற்றெண்பது ரூபாய்.

மீதிப் பணத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பில் வேண்டும் என்றார்
குழுத் தலைவி.
"மெஷினே வாங்கிரு" என்றாள் பிரகாசி,
சன்னலில் எதையோ பார்த்துக்கொண்டு.
"கட்டைவிரல் மடக்க முடியல. ரெண்டு வருசமா."

ரெண்டு வருசமா.
ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து
அவள் வெட்டியதை எண்ணி எண்ணி
வாங்கிக்கொண்டிருந்தது என் கை.

இயந்திரம் வந்துவிட்டது.
தினமும் சாயங்காலம் எண்ணெய்த் துணியால் துடைக்கிறோம்.
மத்தியானத்தில், வெட்ட ஒன்றும் இல்லாதபோது,
என் கட்டம்போட்ட நோட்டை இழுத்து
பிரகாசி ஏதோ வரைகிறாள்.
எட்டிப் பார்த்தால்
முழங்கையால் மூடிக்கொள்கிறாள்.